சுனையில் போட்ட சாமந்தி

சாமந்திப் பூவுக்குள் களிமண் அடைப்பது நினைத்த அளவுக்குச் சுலபமான வேலை இல்லை. நிர்மலா முதல் பூவைக் கிழித்தே விட்டாள். அடுத்த பூவின் காம்பைக் கிள்ளி, அடியில் இருக்கும் பச்சைக் குப்பியில் ஊக்கு முனையால் துளை போட்டு, கரும்புக் கொல்லை வாய்க்கால் ஓரத்திலிருந்து எடுத்து வந்த ஈரக் களியைக் கடுகு கடுகாக உருட்டி உள்ளே தள்ளினாள். அண்டாத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். பூ கொஞ்ச நேரம் ஒய்யாரமாக மிதந்தது. அப்புறம் ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. திருப்தியாக இருந்தது. அதே மாதிரி இன்னொரு பூவைத் தயார் செய்து, எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடினாள்.

பொழுது அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மகள் அருள்மொழி கலைந்த தலையோடு தோட்டத்துப் பக்கம் வந்தாள்.

"பூவு எடுத்துக்கினியாம்மா?"

"எடுத்துக்கினேன், எடுத்துக்கினேன். போயி வாசத் தெளி."

இதை வைத்து நிர்மலாவைக் கெட்டவள் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். பெற்றவளுக்கு ஆயிரம் கவலை இருக்கும். அருள்மொழி கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸில் போகவர, உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் வெற்றிவேலோடு பழக்கம். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பையன் சொக்கத் தங்கம். சாதியும் ஒன்றுதான், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் களையெடுப்பில் இருந்தது. வெற்றிவேலின் அம்மா குஞ்சம்மாள் நிர்மலாவின் கரும்புக் கொல்லையில் வருஷக்கணக்காகக் களை எடுத்தவள். வரப்பில் நின்றுகொண்டு "ஏய் குஞ்சம்மா, அந்த மூலைய வுட்டுட்ட பாரு" என்று நிர்மலா சத்தம் போட்டிருக்கிறாள். அதே வாயால் சம்மந்தி என்று கூப்பிட வேண்டுமாம். ரிஷிவந்தியத்துச் சந்தையில் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

கணவர் வீரமுத்துவிடம் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு ஆலைக்குக் கரும்பு ஏற்றுவதைத் தவிர வேறு கவலை இல்லை. "பையன் நல்ல பையன்தான?" என்று ஒரே கேள்வியில் முடித்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் குஞ்சம்மாளிடமிருந்து சேதி வந்தது. அவர்களுடைய குலதெய்வம் சுனைக்காரி, கல்வராயன் மலையில் ஒரு பாறை உச்சியில் இருக்கிறாள். அவளைக் கேட்காமல் அந்த வம்சத்தில் பெண் எடுப்பதில்லை.

கேட்கிற முறை இதுதான். பிள்ளையைப் பெற்றவளும் பெண்ணைப் பெற்றவளும் மலையேற வேண்டும். ஆளுக்கொரு பூ, அவரவர் வீட்டில் பூத்தது. ஒரே பாறையில் நின்று ஒரே சமயத்தில் சுனையில் போட வேண்டும். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரத்துக்குள் இரண்டு பூவும் ஒட்டிக்கொண்டால் கல்யாணம். தனித்தனியாகப் போனாலோ, ஒன்று முழுகினாலோ, அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். இரண்டாம் தரம் கேட்கக் கூடாது.

நிர்மலாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அருள்மொழியோ அதைவிடச் சந்தோஷமாகத் தலையாட்டினாள். பூ சேராமல் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த வயதில் அப்படித்தான்.

"சேரலன்னா நான் வுட்டுடறேம்மா. அழ மாட்டேன், ஒன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நீ போயி போட்டுட்டு வா, எனக்கு அது போதும்" என்றாள்.

சொன்னால் சொன்னபடி செய்கிற பெண் அவள். நிர்மலா அந்த நம்பிக்கையில்தான் களிமண் உருட்டினாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் வேன் ஏறி, சாமை அறுத்த கொல்லைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில் இறங்கினார்கள். தை மாசத்துக் குளிர் இன்னும் விடவில்லை. பூசாரியைத் தவிர ஆண்கள் இதற்கு மேல் வரக்கூடாது என்பதால் வீரமுத்துவும் வெற்றிவேலும் டீக்கடையில் தங்கிக்கொண்டார்கள். வெற்றிவேல் ஓடி வந்து நிர்மலாவின் கைப்பையை வாங்கி, தண்ணீர் பாட்டிலைத் திணித்துத் திருப்பிக் கொடுத்தான். அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. விரல் நகங்களில் கிரீஸ் கறை போகாமல் இருந்தது.

பூசாரி சடையன் முன்னால் நடந்தார். மலைக்காரர், ஒல்லி, கழுத்தில் துண்டும் சட்டைப்பையில் பெரிய போனும். பூ சேர்ந்ததா இல்லையா என்பதை அவர் வாயால் கீழே சொன்னால்தான் செல்லும். முன்பெல்லாம் இறங்கி வந்து சொல்வாராம். இப்போது உச்சியிலிருந்தே போனில் சொல்லிவிடுகிறார். அதனால் வழியெல்லாம் டவர் கிடைக்கிறதா என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

முதல் பாறை வரைக்கும் குஞ்சம்மாளின் அட்டகாசம் தாங்கவில்லை. "நான் வருசா வருசம் ஏறுறவ அண்ணி. தோ, இந்தக் கடுக்கா மரத்தாண்ட திரும்பணும். பாத்து வாங்க, கல்லு வழுக்கும்" என்று பூசாரிக்கே வழி சொன்னாள். நடுநடுவே மடியிலிருந்து மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நிர்மலாவுக்கும் நீட்டினாள். நிர்மலா வேண்டாம் என்று முன்னால் நடந்தாள். காட்டில் மேட்டில் நடந்து பழகிய கால்கள், அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. குஞ்சம்மாளுக்குத்தான் முட்டி வலி. பத்தடிக்கு ஒருதரம் "யம்மா" என்று உட்கார்ந்தாள்.

முதல் பாறையின் தலையில் ஒரு சுனை இருந்தது. பாறையே கையைக் குவித்துத் தண்ணீர் ஏந்திய மாதிரி, சின்னதாக, பாசி பிடித்து. அதன் ஓரத்தில் நின்று பார்த்தால் கீழே கோமுகி அணையும், அதற்கு அப்பால் பச்சைப் பச்சையாகக் கட்டம் போட்ட சமவெளியும் தெரிந்தன. அங்கே எங்கோ தன் கரும்புக் கொல்லையும் இருக்கிறது என்று நிர்மலா தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. ஊரில் இருந்தால் அது எவ்வளவு பெரிய கொல்லை! இங்கிருந்து பார்த்தால் யாருடையது எது என்று தெரியவில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு நடையைக் கட்டினாள்.

இரண்டாவது பாறைக்குப் போகிற வழிதான் பொல்லாதது. பாறையின் முதுகு குறுகி, இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிறது. நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலம். அடியில் மூங்கில் புதர்களின் தலைகள் காற்றில் ஆடுவது தெரிகிறது. சடையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் நடப்பது போல் நடந்து அந்தப் பக்கம் மறைந்துவிட்டார். நிர்மலா பாதி வழி போய்த் திரும்பிப் பார்த்தாள். குஞ்சம்மாள் பாறையின் நடு முதுகில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னா குஞ்சம்மா? வருசா வருசம் ஏறுறவ!"

"நான் ஏறினதே இல்ல அண்ணி" என்றாள் குஞ்சம்மாள், கண்ணைத் திறக்காமல். "அடிவாரத்துல சூடம் கொளுத்திட்டுப் போறதோட சரி. என் கண்ணாலத்துக்கு எங்கம்மாவும் எம் மாமியாளும்தான் ஏறுனாங்க. ஒங்க முன்னால கெத்தா இருக்கட்டுமேன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒடம்பு வெடவெடன்னுது."

நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். கீழே பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தால் படபடப்பு அடங்கும் என்று, "அப்ப எதுக்கு வந்த? ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வூட்லயே இருக்கறதுதான?" என்றாள்.

"வராம? பையனப் பெத்தவ சோம்பேறின்னு பேராவாதா?" குஞ்சம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? எனக்கு இதுல இஷ்டமே இல்ல அண்ணி."

"எதுல? மலயேறதுலயா?"

"இந்தக் கண்ணாலத்துல."

நிர்மலா சரியாகத்தான் கேட்டோமா என்று அவள் முகத்தையே பார்த்தாள். மறுக்கிற உரிமை தனக்கு மட்டும்தான் உண்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தவள் அவள். எதிர்த்தரப்பிலும் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

"எம் பொண்ணுக்கு இன்னா கொறச்சல்?" என்றாள். குரல் தானாக உயர்ந்துவிட்டது.

"கொறன்னு சொல்லல அண்ணி. எங்கண்ணன் பொண்ணு ஜெயசுதா ஒண்ணு இருக்குது. தையல் தைக்குது. வந்தா அத்தன்னு என் கால புடிச்சி வுடும். ஒங்க பொண்ண நான் எழுந்து ஒரு காப்பி போடுன்னு சொல்ல முடியுமா? வாயி வருமா எனக்கு? ஒங்க கொல்லில குனிஞ்சவ நானு. எம் புள்ள ஒங்க வூட்டுக்கு வந்தா எங்க ஒக்காருவான், எப்டி ஒக்காருவான்? அதான் எனக்குப் பயம்."

"காப்பியா?" நிர்மலாவுக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. "எம் பொண்ணு போடற காப்பிய ஒருதபா குடிச்சா நீ வேற வூட்ல வாய வெக்க மாட்ட. போன வருசம் அவங்க அப்பாவுக்கு டெங்கு வந்தப்போ ஆஸ்பத்திரில கூட இருந்தது யாரு, நானா? அவதான். மாடு கன்னு போட முடியாம கெடந்தப்போ கைய உள்ள வுட்டு எடுத்தவ. மூஞ்சிய ஒருதரம் சுளிக்கல. ஒங்கண்ணன் பொண்ணு செய்வாளா அத? தையல் தைக்கறாளாம் தையலு!"

"செய்ய மாட்டாதான்" என்று குஞ்சம்மாள் ஒப்புக்கொண்டாள்.

"எம் பொண்ணு ஆள மதிக்காம ஒரு வார்த்த பேசிக் கேட்டிருக்கியா? வெற்றிய யாராவது எங்க வூட்ல கீழ ஒக்கார வெச்சா, அவளும் கூடக் கீழதான் ஒக்காருவா. அவள எனக்குத் தெரியாதா?"

"அப்டியா சொல்றீங்க?"

"அப்டித்தான்" என்று தரையைத் தட்டிச் சொன்னாள் நிர்மலா. சொல்லி முடித்த பிறகுதான் தான் இவ்வளவு நேரம் எந்தப் பக்கம் நின்று வழக்காடிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. வழக்கில் ஜெயித்தும்விட்டாள்.

குஞ்சம்மாள் இரண்டு கண்ணையும் திறந்தாள். "அவன் எங்கிட்ட சண்ட போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன் அண்ணி. ஒண்ணும் சொல்ல மாட்றான். லாரிக்கு அடில படுத்துக்கினு வேல செஞ்சிக்கினே இருக்கான். வந்தா சோத்தப் பெசஞ்சிக்கினே ஒக்காந்திருக்கான். என் வாயால வாணாம்னு சொல்லிட்டு அவன் மூஞ்சப் பாக்க முடியாது. செரி, சுனைக்காரிகிட்ட கேப்போம், அவ எது சொன்னாலும் முழுங்கிக்கலாம்னு வந்தேன்." மடியைத் தொட்டுக் காட்டினாள். "பூவக் கூட நல்லதா பாத்துத்தான் பறிச்சாந்தேன். கனகாம்பரம். லேசா இருந்தாத்தான காத்துக்கு நகரும்? எனக்குப் புடிக்கலன்றதுக்காவ அவகிட்ட போயி ஏமாத்த முடியுமா, சொல்லுங்க?"

கைப்பைக்குள் இருந்த டப்பா அவள் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது. முகம் சூடாகிவிட்டது, வெயிலால் அல்ல. தன்னை நினைத்து அவளுக்கு அவமானமாக இருந்தது.

எழுந்து நடக்கக் குஞ்சம்மாளுக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தவழ்கிற குழந்தைகள் மாதிரி பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பாறையைக் கடந்தார்கள். "நல்லவேள, ஆம்பளைங்க வரல" என்றாள் குஞ்சம்மாள். நிர்மலா சிரித்தாள். சிரிப்புக்கு நடுவிலும் டப்பாவின் நினைப்பு போகவில்லை.

இரண்டாவது சுனை பாறையின் மறுபக்கச் சரிவில், பெரியதாக இருந்தது. ஓரமெல்லாம் கோரைப்புல். தவளைகள் ஆள் அரவம் கேட்டுக் குதித்தன. சடையன் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தார். குஞ்சம்மாளும் சாப்பிட்டதும் நிழலில் காலை நீட்டிச் சாய்ந்தாள். நிர்மலா கை கழுவுவது போல் எழுந்து, கோரையின் பின்னால் போய் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

வேறு பூ தேடலாம் என்றால், வீட்டில் பூத்த பூவாக இருக்க வேண்டும். இந்த ஒன்றுதான் இருக்கிறது. ஊக்கை எடுத்துக் களிமண்ணைச் சுரண்டினாள். காலையில் ஈரமாக உள்ளே போனது இப்போது இறுகிப்போய் வர மறுத்தது. கொஞ்சம் வந்தது. மீதியைக் கரைத்துவிடலாம் என்று பூவைச் சுனைத் தண்ணீரில் அமிழ்த்தி, விரலால் அலசினாள். கலங்கல் இறங்கியது. இன்னும் அலசினாள். அவள் அவசரத்தில் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான்: பூ பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. குப்பி பிளந்து இதழ்கள் நாலைந்து கையோடு வந்தன. எடுத்து உதறியபோது அது காலையில் இருந்ததைவிடக் கனத்தது. முந்தானையில் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுக்கப் பார்த்தாள். ஆயா, அம்மா என்று வாய் எதையோ முணுமுணுத்தது. களிமண் போய்விட்டது, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டப்பாவை மூடினாள்.

உச்சிக்கு ஏறி முடித்தபோது வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. சுனைக்காரிக்குக் கோயில் எதுவும் இல்லை. குங்குமம் அப்பிய ஒரு கல், துருப்பிடித்த சூலம், அதில் மாட்டிய கண்ணாடி வளையல்கள். அவள் முன்னால் அந்தச் சுனை, கரும்பாறைக் குழியில் நிறையத் தண்ணீர். ஒரு ஓரம் அடி தெரிகிற ஆழம், மறு ஓரம் கருகருவென்று இருந்தது. அந்தத் தண்ணீரைக் கும்பிட்டுக் குடிப்பார்களே தவிர யாரும் கால் வைப்பதில்லை. சடையன் சூடம் கொளுத்தி, மணி அடித்து, குஞ்சம்மாள் கையில் வெற்றிலையைக் கொடுத்தார். இனி இது பெண்களின் வேலை. "முடிஞ்சதும் கொரலு குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனார், போனைக் கையில் பிடித்தபடி.

இருவரும் ஒரே பாறையில் நின்றார்கள். குஞ்சம்மாள் வெற்றிலையை வாயில் அடக்கினாள். பூக்களை விட்டார்கள்.

கனகாம்பரம் தண்ணீரைத் தொட்ட உடனே நகர ஆரம்பித்தது. சாமந்தி நின்ற இடத்திலேயே மிதந்தது. மிதந்ததே! நிர்மலாவுக்கு மூச்சு வந்தது. காற்று சுனையைச் சுற்றிக்கொண்டு வந்தது. கனகாம்பரம் வளைந்து, சாமந்தியைப் பார்த்துத் திரும்பியது. நிர்மலா வாழ்க்கையில் எதற்கும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. ஒரு முழம், அரை முழம். அப்போது சாமந்தி ஒரு பக்கம் சாய்ந்தது. அண்டாவில் சாய்ந்த அதே சாய்வு. தெளிந்த தண்ணீரில் அது மஞ்சளாகக் கீழே போவது கடைசி வரைக்கும் தெரிந்தது.

குஞ்சம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"செரி" என்றாள். "அவ சொல்லிட்டா."

நிர்மலா பேசாமலே இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. காலையில் அவள் கேட்டது இதைத்தான். யாருக்கும் தெரியப் போவதில்லை. அருள்மொழி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவாள். அழ மாட்டாள், கேட்க மாட்டாள். வாசல் தெளிப்பாள், மருந்துக்கடைக்குப் போவாள், அம்மா காட்டுகிற பையனுக்குத் தலையை நீட்டுவாள். பெண் அழுது ஆர்ப்பாட்டம் செய்தால் தாங்கிக்கொள்ளலாம். அவள் நம்பிக்கையோடு பேசாமல் இருப்பதை எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருப்பது?

கல்யாணத்தில் இஷ்டமில்லாத குஞ்சம்மாள் சூலத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவங்கிட்ட எப்டி சொல்லுவேன்? கீழ டீக்கடயிலயே நின்னுக்கினு இருப்பானே."

பாறைக்கு அப்பாலிருந்து சடையனின் குரல் வந்தது. "இன்னாம்மா, சேந்துச்சா?"

"குஞ்சம்மா" என்றாள் நிர்மலா. "அது அவ சொன்னது இல்ல. நான் செஞ்சது."

"இன்னா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். களிமண்ணை, அண்டாவை, கோரைக்குப் பின்னால் அலசியதை. சுற்றி வளைக்கவில்லை. சொல்லச் சொல்ல குஞ்சம்மாளின் முகம் மாறியது. அழுகை நின்றது. எழுந்து வந்தாள். வெற்றிலையைத் துப்பினாள்.

"காலைலயே செஞ்சிட்டுத்தான் எங்கூட நடந்தியா?"

"ஆமா."

"பாற மேல ஒக்காந்துக்கினு பொண்ணப் பத்தி அவ்ளோ பேசினியே, அப்பவும் பையில இருந்திச்சா அது?"

"இருந்துச்சி. அதுக்கப்புறந்தான் எடுத்துப்போட பாத்தேன். நான் செஞ்சது தப்பு. நீ இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன். எம் பொண்ணுக்கு இது ஒண்ணுமே தெரியாது, குஞ்சம்மா. அவள வாணாம்னு ஒண்டியும் சொல்லிடாத."

மறுப்பதற்காக மலை ஏறியவள் உச்சியில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். குஞ்சம்மாள் சுனையைப் பார்த்தாள். கனகாம்பரம் எதுவும் நடக்காதது போல் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது.

"சேந்துச்சாம்மா? கீழேர்ந்து போனு மேல போனு வருது!" என்று சடையன் மறுபடி கத்தினார்.

"இரு பூசாரி! இன்னும் போடல!" என்று குஞ்சம்மாள் பதிலுக்குக் கத்தினாள். நிர்மலாவின் பக்கம் திரும்பினாள். "களிமண்ண அவ கணக்குல எடுத்துக்க மாட்டா. என் பூவு மெதக்குது. ஒன் வூட்டுப் பூவு எங்க?"

"வேற இல்லியே."

"ஒன் வூட்லேர்ந்து வந்தது வேற இன்னா இருக்குது இங்க? நீதான் இருக்குற. எறங்கு."

நிர்மலாவுக்கு முதலில் விளங்கவில்லை. "இதுல யாரும் கால் வெக்கக் கூடாதே..."

"எங்க சாமி. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். எறங்கிப் போயி நில்லு. கைய கால ஆட்டக்கூடாது. பூவு வந்து ஒன்னத் தொட்டா தொடட்டும். இல்லன்னா இல்ல." இன்னொரு வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

தண்ணீர் ஊசியாகக் குத்தியது. ஆழம் குறைந்த ஓரத்தில் இறங்கி, இடுப்பளவு வரைக்கும் போய், பாறை வழுக்காத இடமாகப் பார்த்து நிர்மலா நின்றாள். புடவை சுற்றிலும் விரிந்து மிதந்தது. நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள் என்பது இப்போது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. அவள் இறங்கிய அலையில் கனகாம்பரம் எதிர் ஓரத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. கையை அசைத்தால் இழுத்துவிடலாம். ஒரு விரலை அசைத்தால்கூடப் போதும். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டாள். பல் கிட்டிப்போய், உடம்பு நடுங்கியது. நடுக்கத்தில் அலை எழுந்து பூவை இன்னும் தள்ளிவிடுமோ என்று அதையும் அடக்கப் பார்த்தாள்.

குஞ்சம்மாள் மென்றுகொண்டிருந்தாள். மெதுவாக மென்றாள் என்றே தோன்றியது.

காற்று நின்றது. அப்புறம் மேற்கிலிருந்து திரும்ப வந்தது. பூ கிளம்பியது. நேராக வரவில்லை, பாறையை ஒட்டிப் போய், நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, விரிந்து கிடந்த முந்தானையின் ஓரத்தில் வந்து இடித்தது. அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவள் உடம்புக்கும் அதற்கும் நடுவே இன்னும் ஒரு கை தூரம் இருந்தது.

குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி தெரியாது. நிர்மலாவுக்கு அது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"குஞ்சம்மா, சீலையிலதான் பட்டுது" என்றாள். "எம்மேல படல."

குஞ்சம்மாள் அவளையே பார்த்தாள். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, பாறைக்கு அப்பால் கேட்கும்படி கத்தினாள்.

"சேந்துச்சி பூசாரி! கீழ சொல்லிடு!"

சடையன் போனில் உரக்கப் பேசுவது கேட்டது. நிர்மலா நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். குஞ்சம்மாள் கரையோரம் வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கையை நீட்டினாள்.

"ஏறி வா, சளி புடிச்சிக்கும். ஒம் பொண்ணு எங்க வூட்டுக்கு வரட்டும்" என்றாள். "ஒன்ன நம்பறதுக்குத்தான் எனக்கு இன்னும் நாளு ஆவும் அண்ணி."